புல்வெளியும் மாட்டிறைச்சியின் சுவையும்



கப்பற் பணியிலே நெடுங்காலம் உலகைச் சுற்றிவந்த என் பழைய மாணாக்கர் ஒருவர், சென்ற விடுமுறையின்போது என்னைக் காண வந்தார். "ஐயா, மாடு எங்கும் மாடுதானே? அவ்வாறிருக்க, புவெனஸ் அயர்ஸில் உண்ட மாட்டிறைச்சிக்கு ஒரு சுவை, நியூயோர்க்கில் உண்டதற்கு வேறொரு சுவை. இஃது ஏன்?" என்று வினவினார். நானோ சைவ உணவினன். ஆளறிந்து கேட்கப்பட்ட வினா அன்று எனச் சொல்லி நகைத்தேன். ஆயினும், நாவால் அறியாததை நூலால் அறிய முயல்வதிற் குற்றமில்லை என்று துணிந்தேன். அம்முயற்சியின் பயனே இன்றைய பேச்சு.

அந்தந்த மண்ணின் குணமே சுவைக்குக் காரணம் என்பர் பலர். அஃது அரைகுறை உண்மையே. ஆர்ஜென்டீனாவின் மண் மாறவில்லை. அங்கு விளைந்த இறைச்சியோ பலமுறை மாறியுள்ளது.

பதினாறாம் நூற்றாண்டிலே ஸ்பானியர் கொணர்ந்த மாடுகள், பம்பாஸ் எனப்படும் அந்நாட்டுப் பெருஞ்சமவெளியிலே வேலியும் காவலுமின்றிப் பெருகின. மக்கள் குதிரைமீது சென்று அவற்றை வேட்டையாடினர். தோலும் கொழுப்பும் கப்பலேறின. இறைச்சியிற் பெரும்பகுதி வெட்டவெளியிலேயே அழுகிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இறைச்சியை உப்பிட்டு உலர்த்தும் சாலைகள் தோன்றின. அவ்வுலர்ந்த இறைச்சியை வாங்கியோர் யார்? கியூபாவிலும் பிரேசிலிலும் தம் அடிமைகளுக்கு உணவளிக்க வேண்டியிருந்த தோட்ட முதலாளிகள். அதன் சுவை எப்படியென்று அவ்வடிமைகளை யார் கேட்கப்போகின்றார்கள்? கொழுத்த இறைச்சி நன்கு உலராது. விரைவிற் கெட்டு நாறும். ஆதலின் மெலிந்த மாடே அவ்வணிகத்துக்கு ஏற்றதாயிற்று. மாட்டினத்தைத் திருத்தும் எண்ணம் பெரும்பாலான நிலக்கிழார்க்கு எழவில்லை. கியூபா 1886இலும் பிரேசில் 1888இலும் அடிமைமுறையை ஒழித்தன.

இதற்கிடையில், 1876ஆம் ஆண்டு, பிரெஞ்சுப் பொறியியலாளர் சார்ல்ஸ் தெலியேயின் குளிரூட்டும் பொறிகளைத் தாங்கிய கப்பலொன்று ரூவான் நகரிலிருந்து புறப்பட்டு, இறைச்சியுடன் புவெனஸ் அயர்ஸை அடைந்தது. இனிப் பிரித்தானிய நகரத்தார் பம்பாஸின் இறைச்சியைப் புதிதாகவே உண்ணலாம். ஆனால் அவர்கள் விரும்பியது கொழுப்புக் கலந்த மென்மையான இறைச்சி. எனவே ஆங்கில நாட்டு ஷோர்ட்ஹோர்ன், ஹெரபோர்ட் இனக் காளைகள் வந்தன. முட்கம்பி வேலிகள் எழுந்தன. புல்வெளியிலே கட்டற்றுத் திரிந்த கௌச்சோ என்னும் குதிரைவீரன் கூலியாளானான். பெரும்பாலும் இத்தாலியிலிருந்து வந்த ஏழைக் குடியானவர்க்கு நிலத்தைச் சில ஆண்டுகள் குத்தகைக்கு விட்டனர் நிலக்கிழார். குடியானவர் கோதுமை விளைவித்தபின், அல்பால்பா என்னும் தீவனப் பயிரை விதைத்துவிட்டு வெளியேற வேண்டும்! அந்தப் பயிரை மேய்ந்தே மாடுகள் கொழுத்தன. புகழ்பெற்ற அவ்விறைச்சியின் பின்னே நிலமற்றவரின் உழைப்பு இருப்பதை உணவுநூல்கள் அதிகம் பேசுவதில்லை.

மற்றொன்றும் உண்டு. ஆட்கொல்லி நோயன்றாயினும் மந்தைகளை வாட்டும் கால்வாய் நோய் காரணமாக, 1900இல் ஆர்ஜென்டீனாவின் உயிர்மாடுகளைப் பிரித்தானியா தடைசெய்தது. அதன்பின் குளிரூட்டிய இறைச்சி வணிகம் ஓங்கியது. இறைச்சியை உறையச்செய்தால் உள்ளே பனிப்பளிங்குகள் தோன்றித் தசையிழைகளைச் சிதைக்கும். உருகும்போது சாறு வழிந்தோடும். உறையவிடாது குளிரில் மட்டும் வைத்தாலோ, இறைச்சியிலுள்ள நொதிகளே அதனை மெல்ல மெல்ல மென்மையாக்கும். ஏறத்தாழ மூன்று வாரக் கடற்பயணம் இதற்குப் பொருத்தமாய் அமைந்தது. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தொலைவிலிருந்தமையால், அவை நெடுங்காலம் உறைந்த இறைச்சியையே அனுப்ப வேண்டியதாயிற்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ சோளம் மலிந்திருந்தது. விற்று முடியாத சோளத்தை மாட்டுக்கு ஊட்டிக் கொழுக்கவைப்பது அங்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழக்கமாயிற்று. 1927இல் தொடங்கிய அரசாங்கத் தரப்படுத்தல், தசையினூடே கொழுப்பு இழையோடிய இறைச்சிக்கு உயர்தரம் அளித்தது. இரண்டாம் உலகப்போரின் பின் பட்டியில் அடைத்துத் தானியம் ஊட்டும் முறை பெருகிற்று. புல்மேய்ந்த மாட்டின் கொழுப்பு மஞ்சளாயிருக்கும். இறைச்சியின் மணமும் அழுத்தமானது. சோளம் தின்ற மாட்டின் கொழுப்பு வெண்மையானது. சுவையும் சற்று இனிப்பென்பர். என் மாணாக்கர் நியூயோர்க்கில் கண்டது இதுவே.

ஆர்ஜென்டீனாவின் கதை அத்துடன் முடியவில்லை. 1996இல் மரபணு மாற்றிய சோயாவுக்கு அனுமதி கிடைத்தபின், பம்பாஸின் மேய்ச்சல் நிலங்கள் பல வயல்களாயின. மாடுகள் வெளியே தள்ளப்பட்டன. பல பட்டிகளுள் அடைபட்டுச் சோளம் தின்னத் தொடங்கின.

இதனைக் கேட்டதும் மாணாக்கர் சற்று மௌனமானார். 1995இல் தாம் முதன்முறை உண்ட சுவை, அண்மையில் அதே துறைமுகத்தில் அகப்படவில்லையாம். "சமையற்காரனையல்லவா ஐயா, நான் ஏசிவிட்டு வந்தேன்!" என்றார்.