பல்பு எரியுது... ஆனா கார் நம்ப மாட்டேங்குது!

போன தீபாவளிக்கு ஜெயங்கொண்டம் போனப்போ, மாமா தன் காரின் இண்டிகேட்டர், பிரேக் பல்புகளை எல்லாம் எல்இடியாக மாற்றியிருந்தார். வெளியே பளிச்சென்று எரிகிறது. உள்ளே டேஷ்போர்டில் மட்டும் ‘பல்பு ஃபியூஸ்’ என்று மஞ்சள் விளக்கு. இண்டிகேட்டர் வேறு இரட்டை வேகத்தில் டிக்டிக்டிக்...

"அது கெடக்கு மாப்ள, எரியறது கண்ணுக்குத் தெரியுதுல்ல?" என்றார் மாமா. எனக்குத்தான் மண்டை குடைந்தது. தோண்டினால் பெரிய கதை இருக்கிறது :-)

அம்பாசடர் காலத்துக் கார்களில் கம்ப்யூட்டர் ஏது? பிளாஷர் என்ற சின்ன டப்பா, உள்ளே சூடானால் வளையும் தகடு. பல்புக்குப் போகும் கரண்ட்தான் அதைச் சூடாக்கும். ஒரு பல்பு போனால் கரண்ட் குறையும், டிக்டிக் தாளம் மாறும். டிரைவர் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார்! பிறகு வந்த எலக்ட்ரானிக் ரிலேக்களில், பல்பு போனால் வேண்டுமென்றே வேகமாக அடிக்க வைத்தார்கள்.

1986-ல் பாஷ் நிறுவனம் ‘கேன்’ என்ற வயரிங் முறையை அறிமுகப்படுத்தியது. காரின் ஒவ்வொரு பகுதியும் மற்றதோடு பேச ஆரம்பித்தது. (கடையில் ‘கேன் பஸ் எல்இடி’ என்று விற்கிறார்கள். உண்மையில் பல்பைச் சோதிப்பது கேன் இல்லை, விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் மாட்யூல்.)

எல்இடியின் கதை தனி. 1962-ல் நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்இடி செய்தார். நல்ல வெளிச்சமுள்ள நீலம் வர 1993 ஆனது, நகமுரா கொண்டுவந்தார். அதற்காக 2014-ல் அகசாகி, அமனோவோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு. நீலம் வந்த பிறகுதான் வெள்ளையும் வந்தது.

இரண்டு கதையும் மாமா காரில் வந்து முட்டிக்கொண்டன. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். 3 வாட் எல்இடி கால் ஆம்பியர்தான். மாட்யூல் என்ன நினைக்கும்? பல்பு போச்சு!

ஊரில் எல்லாரும் செய்யும் வைத்தியம், எல்இடிக்கு இணையாக 6 ஓம் ரெசிஸ்டர் போடுவது. அது 2 ஆம்பியர் இழுக்கும், எச்சரிக்கை அடங்கும். ஆனால் 24 வாட் முழுக்கச் சூடு! பிளாஸ்டிக்கிலோ வயர் மேலோ கட்டக்கூடாது, பாடி இரும்பில் திருகவேண்டும். இண்டிகேட்டராவது விட்டுவிட்டு எரியும், பிரேக் விளக்கு ரயில்வே கேட்டில் நிற்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். பழைய மாதிரி தனி ரிலே உள்ள வண்டியென்றால் எல்இடிக்கான ரிலே மாற்றினால் போதும், சூடு கிடையாது. மாட்யூல் உள்ள வண்டிகள் சிலவற்றில் சர்வீஸ் கம்ப்யூட்டரை இணைத்து, எல்இடி என்று செட்டிங்கை மாற்றலாம்.

என்னை உறுத்தியது வேறு விஷயம். ரெசிஸ்டர் போட்ட பிறகு நாளைக்கு எல்இடி நிஜமாகவே போனால்? ரெசிஸ்டர் அப்பவும் 2 ஆம்பியர் இழுக்கும். கார் "எல்லாம் சரி" என்றே சொல்லும். அரியலூர் ரோட்டில் ராத்திரி சிமெண்ட் லாரி பின்னால் வரும்போது, பிரேக் விளக்கு எரியாதது நமக்கே தெரியாது.

இதைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் காலையில் பின்பக்கம் பழைய பல்பையே திரும்ப மாட்டிவிட்டார். உள்விளக்கு மட்டும் இன்னும் எல்இடிதான், அதை அந்த மாட்யூல் கண்டுகொள்வதே இல்லை!