துணைமின் நிலையங்களில் பயன்படும் சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடு: பண்புகளும் பாதிப்புகளும்

திருவனந்தபுரம்: பழவங்காடி, கிழக்குக் கோட்டை, சாலைக் கடைத்தெரு போன்ற நெருக்கடியான நகர்ப்பகுதிகளில் துணைமின் நிலையம் அமைக்கப் பரந்த நிலம் கிடைப்பது அரிது. இத்தகைய இடங்களுக்கு ஏற்றதாகக் கருதப்படுவது வாயு காப்பிடப்பட்ட துணைமின் நிலையம். திறந்தவெளி நிலையத்துக்குத் தேவையான நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கோ, அதனினும் குறைவோ இதற்குப் போதுமானது. கேரளத்தில் ட்ரான்ஸ்கிரிட் 2.0 திட்டத்தின்கீழ் கோதமங்கலம் உள்ளிட்ட இடங்களில் இந்நிலையங்கள் அமைக்கப்பட்டுள்ளன.

இவற்றின் உலோகக் கலன்களுக்குள் நிரப்பப்படுவது சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடு. ஒரு கந்தக அணுவும் 6 ஃப்ளோரின் அணுக்களும் இணைந்த இவ்வாயுவைப் பிரெஞ்சு வேதியியலாளர்கள் ஆன்ரி முவாசான், பால் லெபோ ஆகியோர் கண்டறிந்தனர்.

பண்புகள்

நிறமோ மணமோ அற்ற இவ்வாயு தீப்பற்றாது. காற்றைவிட சுமார் 5 மடங்கு அடர்த்தி மிக்கது. சாதாரண அழுத்தத்தில் இதன் மின்காப்புத் திறன் காற்றைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. சர்க்யூட் பிரேக்கர் திறக்கும்போது எழும் மின்வில்லை விரைந்து அணைக்கிறது. செமிகண்டக்டர் தயாரிப்பிலும், மெக்னீசியம் வார்ப்பிலும், விழித்திரை அறுவைசிகிச்சையிலும் இது பயன்படுகிறது.

பணியாளர் பாதுகாப்பு

தூய நிலையில் நச்சுத்தன்மை அற்றது எனினும், கசியும் வாயு கேபிள் பள்ளங்களிலும் கீழ்த்தளங்களிலும் தேங்கிப் பிராணவாயுவை வெளியேற்றிவிடும். மணமின்மையால் மூச்சுத்திணறல் ஏற்படும்வரை ஆபத்து புலப்படாது. மின்வில்லின் வெப்பத்தால் சிதையும்போது ஹைட்ரஜன் ஃப்ளோரைடு உள்ளிட்ட நச்சுப்பொருள்கள் உருவாகலாம். எனவே, தாழ்வான அறைகளுக்குள் நுழையும் முன் காற்றோட்டத்தையும் பிராணவாயு அளவையும் உறுதிசெய்வது இன்றியமையாதது.

சுற்றுச்சூழல் பாதிப்பு

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் 5-ஆவது மதிப்பீட்டின்படி, 100 ஆண்டுக் கணக்கில் இதன் வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப்போல் 23,500 மடங்கு. அதாவது, 1 கிலோ கசிவு 23.5 டன் கரியமில வாயுவுக்குச் சமம். வளிமண்டலத்தில் கலந்தால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கவல்லது.

1997-ஆம் ஆண்டு கியோட்டோ நெறிமுறையில் இவ்வாயு சேர்க்கப்பட்டது. எனினும், இந்தியா 2021-இல் ஏற்ற கிகாலி திருத்தம் குளிர்சாதனங்களில் பயன்படும் ஹைட்ரோஃப்ளோரோகார்பன்களுக்கானது. இவ்வாயு அதன் வரம்பில் இல்லை.

24 கிலோவோல்ட் வரையிலான புதிய மின்சாதனங்களில் ஃப்ளோரின் கலந்த பசுங்குடில் வாயுக்களின் பயன்பாட்டுக்கு, 2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் சில விலக்குகளுடன் தடை விதித்துள்ளது. வெற்றிட பிரேக்கர், உலர்காற்றுக் காப்பு ஆகியவை மாற்றாக முன்வைக்கப்படுகின்றன. நிறுவப்பட்ட சாதனங்கள் பல பத்தாண்டுகள் இயங்கும் என்பதால், கசிவைக் கண்காணிப்பதும், பழுதுபார்ப்பின்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் மீட்டெடுப்பதும் அவசியமாகின்றன.