புரைக்குப் பின்னால் ஒரு புற்று: கரிசல் சீமையிலிருந்து ஒரு கண்நோயின் வரலாறு

பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம் பக்கத்தில் வயதான ஒருவருக்குப் பார்வை மங்கினால் "புரை விழுந்திருக்கும்" என்பார்கள். உப்பளத்துக்குப் போய்வருகிறவராக இருந்தால், பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயிலைக் காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் இந்தக் கணிப்பு தவறுவதில்லை. தவறிப்போகும் ஒரு சிலரைப் பற்றியதே இந்தக் கட்டுரை. மார்பிலோ நுரையீரலிலோ முளைத்த புற்று, இரத்தத்தோடு ஓடிவந்து இவர்களின் விழிக்குள் குடியேறியிருக்கும். தென்மாவட்டங்களில் கண் மருத்துவம் ஒரு தடத்திலும் புற்று மருத்துவம் வேறொரு தடத்திலும் வளர்ந்தன. இந்த நோய் இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டது என்பதே நான் இங்கே முன்வைப்பது.

சித்த மருத்துவ மரபு கண்ணோய்களை 96 என வகுத்திருக்கிறது. ஆனால் உயிரோடிருக்கும் ஒருவரின் விழிக்குள் பின்புறத்தைக் காணும் கருவி உலகில் எந்த மரபிடமும் இருக்கவில்லை. 1851-இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்நோக்கியை அறிமுகப்படுத்திய பிறகே அது கைகூடியது. இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 1872-இல், நுரையீரல் புற்று விழியின் கோராய்டுக்குப் பரவியதை பெர்ல்ஸ் என்னும் ஜெர்மானியர் எழுதிவைத்தார். இத்துறையின் முதல் பதிவாகப் பலரும் காட்டுவது அதைத்தான்.

கோராய்டு என்பது விழித்திரைக்கு அடியில் விரிந்துள்ள மெல்லிய படலம். முழுக்க இரத்தக்குழாய்ப் பின்னல். கண்ணுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய 85 விழுக்காடு இதற்குள்தான் பாய்கிறது. புற்றணுக்கள் இங்கே வந்து சேர்வதற்கு இந்தப் பாய்ச்சல் ஒன்றே போதுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இது பெரிய கேள்வியாக இருந்தது. அதற்கு விடை தேடும் பாதையும் கண்ணிலிருந்தே கிளம்பியது என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆஸ்திரியக் கண் மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ், விழிக்குள் தோன்றும் புற்றுகளை ஆராய்ந்து 1882-இல் ஒரு நூல் எழுதினார். சில உறுப்புகளுக்குப் புற்றை ஏற்கும் தன்மை உண்டு என்னும் அவருடைய கருத்தைக் கையில் எடுத்துக்கொண்டார் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் உடற்கூறு ஆய்வுக் குறிப்புகளை அவர் கணக்கெடுத்தார். 241 பேருக்கு ஈரலில் பரவியிருந்தது. மண்ணீரலில் பரவியது 17 பேருக்கு மட்டும். இரத்தம் இரண்டுக்கும்தான் போகிறது, பிறகு ஏன் இத்தனை வேறுபாடு? விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று 1889-இல் அவர் எழுதினார். மானாவாரிக் கரிசலில் பருத்தி விதைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1928-இல் நோயியலாளர் ஜேம்ஸ் யூவிங் இதை மறுத்து, இரத்தம் ஓடும் வழியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றார்.

கண் இருவருக்கும் சாட்சி சொல்கிறது. பிலடெல்பியாவில் கண் மருத்துவர் ஷீல்ட்ஸின் குழுவினர், 420 நோயாளிகளின் கண்ணுக்குள் பரவியிருந்த 950 கட்டிகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். 88 விழுக்காடு கட்டிகள் கோராய்டில் இருந்தன. இது யூவிங் பக்கம். நோயாளிகளில் 47 விழுக்காட்டினருக்கு மூலப்புற்று மார்பகத்தில், 21 விழுக்காட்டினருக்கு நுரையீரலில். மற்ற புற்றுகள் மிகக் குறைவு. இது பேஜெட் பக்கம். என்னை உறுத்துவது மூன்றாவது எண்: 34 விழுக்காட்டினருக்குக் கண்ணில் கட்டி தெரியும்வரை உடலில் புற்று இருப்பதே தெரியாது.

இனி நம் பக்கம். நாகர்கோவிலுக்கு அருகே நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் மருத்துவர் பெண்டால், 1908-இல் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் பெரும்பாலோருக்கு வாய்ப்புற்று. வெற்றிலையும் புகையிலையும் மென்ற வாய்கள். வாய்ப்புற்று கண்ணுக்குள் போவது மிக அரிது. ஆகவே தெற்கே 'புற்று' என்றால் கன்னத்தில் தெரியும் புண் என்றே மருத்துவர்களும் மக்களும் பழகினார்கள். 1954-இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை அடையாறில் தொடங்கிய புற்றுநோய் நிறுவனமோ இந்தக் கரிசலுக்கு வெகு தொலைவு.

கண் மருத்துவத்தின் தடம் இதே மண்ணில் தொடங்குகிறது. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர் கோ. வெங்கடசாமி. மூட்டுவாதம் விரல்களைக் கோணலாக்கியதால் மகப்பேறு மருத்துவத்தை விட்டார்; அந்தக் கோணல் விரல்களுக்குள்ளேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, 1988-இல் திருநெல்வேலிக்கு வந்தது. கண் முகாம்கள் ஊர் ஊராகப் போயின. எத்தனையோ வீடுகளுக்கு வெளிச்சம் வந்தது அதனால்தான்; குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் முகாமின் இலக்கு புரை. டார்ச் அடித்ததும் கண்பாப்பாவில் வெண்மை தெரிந்தால் அது புரை. கோராய்டு டார்ச்சுக்குச் சிக்காது.

சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரிய வைத்து, நெற்றியில் விளக்கு கட்டி, லென்ஸ் பிடித்துப் பார்த்தால்தான் அது தெரியும். விழியின் பின்சுவரின் செவ்வாரஞ்சு நிறத்துக்கு நடுவே பாலாடை போல மஞ்சள் வெளுப்பாக ஒரு திட்டு. சில கண்களில் இரண்டு மூன்று. அதைச் சுற்றி நீர் கசிந்து விழித்திரையைத் தூக்கிவிடும். வலி பெரும்பாலும் இருக்காது. வாசலில் கோலம் போடுகிற பெண்ணுக்கு, நேராக இழுத்த கோடு நடுவில் நெளிந்து தெரியும். சிலருக்குக் கண்ணோரம் மின்னல் வெட்டும். புரை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மூடும். இது சில வாரங்களிலேயே பார்வையைத் தின்னும்.

கண்டுபிடித்துவிட்டால் செய்வதற்கு வழி உண்டு. 30 முதல் 40 கிரே வரையிலான கதிர்வீச்சைப் பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் பலருக்குக் கட்டி சுருங்கி நீர் வற்றுகிறது. மார்பகப் புற்றின் சில வகைகளுக்கு ஹார்மோன் மாத்திரைகளும், நுரையீரல் புற்றின் சில வகைகளுக்கு இலக்கு மருந்துகளும் கண்ணில் உள்ள கட்டியையும் சேர்த்தே கரைப்பதுண்டு. நோய் முழுதாகப் போய்விடாது. ஆனால் மீதமுள்ள நாட்களில் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியும். அது சிறிய விஷயம் இல்லை.

இன்று இந்தியப் பெண்களிடையே முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்று. சிகிச்சை எடுத்துப் பல ஆண்டுகள் வாழ்கிறவர்களும் பெருகிவருகிறார்கள். அவர்களில் யாருக்காவது பார்வை மங்கினால் முதலில் வந்து உட்காருவது கண் முகாம் பெஞ்சில்தான். அங்கே சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அதோடு, "மார்புல கட்டின்னு எப்பவாவது ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களாம்மா?" என்றும் கேட்டு, ஆம் என்றால் சொட்டு மருந்து விட்டு உட்காரவைக்க, அரை மணி நேரம்தான் ஆகும்.