கதிர்காமப் பாதயாத்திரை: வழியும் நீரும் சமத்துவமும்

ஈழத்துத் தமிழரின் சமய வரலாற்றை ஆராய்ந்தோர் கோயில்களையும் அவற்றைக் கட்டுவித்தோரையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அக்கோயில்களுக்கு நடந்து சென்ற மக்கள் அவ்வளவு கவனம் பெற்றாரல்லர். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமம் வரை செல்லும் பாதயாத்திரையை நடந்தோரின் உடல், உணவு, நீர் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையில் நமது முயற்சியாகும்.

லைடன் தீவிலுள்ள புளியங்கூடல், சரவணை, நாரந்தனை முதலிய ஊர்களிலிருந்து புறப்படுவோருக்குப் பயணத்தின் முதற்கட்டம் கடலாகவே இருந்தது. பண்ணைத் தாம்போதி அமைவதற்கு முன்னர் வள்ளத்திலேறித்தான் குடாநாட்டை அடைதல் வேண்டும். உவர்நீர் மிகுந்து நன்னீர் அரிதாயுள்ள தீவகத்தாருக்கு நீரின் அருமையை வழி கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியே யாத்திரையின் தொடக்கமாகும். கதிர்காமத்தைப் போன்றே இங்கும் பிராமணரல்லாதார் வாய்கட்டிப் பூசை செய்வர். அங்கிருந்து வற்றாப்பளை, முல்லைத்தீவு, கொக்கிளாய், குச்சவெளி, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில் வழியாக உகந்தைக்குச் செல்வர். பயணம் ஒன்றரை மாதத்திற்கு மேல் நீடிக்கும். ஆடித் திருவிழாக் கொடியேற்றத்திற்கு முன் சேரவேண்டுமாதலின் வைகாசி, ஆனி வெயிலிலேயே நடக்க நேர்ந்தது. மாரி மழை ஓய்ந்து மாதங்கள் கழிந்து குளங்கள் வற்றும் காலம் அது; கீழ்க்கரையிற் கச்சான் காற்று அனலாய் வீசும்.

நாளின் ஒழுங்கை வெயிலே வகுத்தது. விடியுமுன் நடை தொடங்கும். உச்சிப்பொழுதில் மரநிழலிலோ கோயில் மடத்திலோ தங்கி உலை வைப்பர். வெயில் தாழ்ந்ததும் மீண்டும் நடப்பர். வேல் தாங்கியவர் முன்செல்வார். ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே அழைப்பர். வெறுங்காலுடன் சுடுமணலில் நடப்போருக்கு உள்ளங்காற் கொப்புளமும் முள்ளும் அன்றாடத் துன்பங்கள். அரிசியும் பருப்பும் கொண்ட மூட்டை நாளேற நாளேறக் கனத்தது. கீழ்க்கரை ஊர்களின் மக்கள் அளித்த சோறும் மோரும் இன்றேல் இந்நடை நிலைத்திராது. யாத்திரையின் வரலாறு இவ்வூர்களின் வரலாறுமாகும்.

உகந்தைக்கு அப்பால் ஊரில்லை. வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் எனத் தங்குமிடங்கள் யாவும் நீர்நிலைகளை ஒட்டியே அமைந்தமை கவனிக்கத்தக்கது. வற்றிய ஆற்றுமணலைக் கையாற் தோண்டி, ஊறும் நீர் தெளியும்வரை காத்திருப்பர். அதே நீரை நாடி யானையும் கரடியும் வரும். தனித்து நடத்தல் இயலாது, கூட்டமே பாதுகாப்பு.

குடியேற்ற அரசோ இம்மக்களைக் கொள்ளைநோய் அச்சத்துடனேயே நோக்கியது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ப் கதிர்காம யாத்திரையை மேற்பார்வை செய்வதும் தம் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தார்.

இங்கு நாம் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பிறர் கிணற்றில் நீரள்ள முடியாது, அள்ளி ஊற்றுவாருக்காகக் காத்து நின்றனர். ஆனால் ஆற்றுமணலில் தோண்டிய ஊற்றுக்கு உடைமையாளர் எவருமிலர். அதற்கு வேலியுமில்லை, துலாவுமில்லை. தாகமும் அச்சமும் எல்லாரையும் ஒரே குழியைச் சுற்றி அமரச் செய்தன. யாத்திரையின் சமத்துவத்தைப் பக்தியின் விளைவு என்று மட்டும் கூறுதல் போதாது. நிலமும் நீரும் தனியுடைமையாகாத சூழலே அதற்கு இடமளித்தது எனலாம்.

அச்சமத்துவம் ஊர்வரை வந்து சேரவில்லை. நடந்து மீண்டோர் அவரவர் கிணற்றுக்கே மீண்டனர். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் இயற்றப்பட்ட பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்திற்காகப் போராட வேண்டியிருந்தமை இதற்குச் சான்று. கிணற்றையும் கோயிலையும் திறந்தது யாத்திரையன்று, போராட்டமே.

1983இன் பின்னர் போர் வடக்கிலிருந்து தொடங்கும் நடையைக் குலைத்தது. 1990களின் தொடக்கத்தில் தீவகத்தாரும் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் முடிந்தபின் சந்நிதியிலிருந்து வேல் மீண்டும் புறப்படுகின்றது. குறித்த நாள்களுக்குக் காட்டுப்பாதை திறக்கப்பட்டு, இடையிடையே குடிநீர்த் தாங்கிகளும் வைக்கப்படுகின்றன. நடையின் கடுமை குறைந்துள்ளது. ஆயினும் ஒரே ஊற்றில் நீரருந்திய அனுபவம் ஊரின் வாழ்க்கை முறையாக ஏன் மாறவில்லை என்ற வினா இன்னும் விடைவேண்டி நிற்கின்றது.