மேஜை மேல் நடந்த விபத்து: ஒரு விளையாட்டின் 200 வருஷக் கதை

போன வாரம் எங்க ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு விளையாட்டு நடத்தினேன். மேஜையில் ஒரு சார்ட் பேப்பர், கொஞ்சம் கலர் பட்டன், ஒரு பகடை. "ராத்திரி ஒன்றரை மணி. களியக்காவிளை ரோட்டில் பஸ் கவிழ்ந்து 32 பேர் வாறாங்க. டியூட்டியில நீங்க மூணு பேர்தான். என்ன செய்வீங்க?" என்றேன். அவ்வளவுதான்.

ஒரு பையன் சிரித்தான். "சார், இது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரில்லா இருக்கு!"

சரியாகச் சொன்னான். ரெண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அந்தக் கதைதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்கா.

1824. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்று ஒரு பீரங்கிப்படை லெப்டினன்ட். அவர் அப்பா ராஜாவுக்காகச் செய்த போர் விளையாட்டை எடுத்து மாற்றி 'கிரீக்ஸ்பீல்' என்று விதிகளோடு வெளியிட்டார். நிஜ நிலப்படம் மாதிரியே அளவெடுத்த வரைபடம், படைகளுக்குக் கட்டைகள், சேதத்துக்குப் பகடை. ஆனால் முக்கியமான மாற்றம் வேறு. சதுரங்கத்தில் எதிராளியின் யானை, குதிரை எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கும். இதில் அப்படியில்லை. ரெண்டு தரப்புக்கும் நடுவில் ஒரு நடுவர். நீ உத்தரவை எழுதிக் கொடுக்கணும். உன் படைக்கு என்ன தெரியுமோ அதை மட்டும்தான் அவர் உனக்குச் சொல்வார்.

கேஷுவாலிட்டியில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அடுத்த ஆம்புலன்ஸில் யார் வருகிறார், எத்தனை பேர் வருகிறார், ஒன்றும் தெரியாது.

தளபதி முஃப்லிங் இதைப் பார்த்து, ராணுவம் முழுக்கப் பரிந்துரைத்தார். ஆனால் அந்த லெப்டினன்ட் 1827-இல் தற்கொலை செய்துகொண்டார். 1870-71 போரில் பிரஷ்யா பிரான்ஸை ஜெயித்த பிறகுதான் மற்ற நாட்டு ராணுவங்களும் இதை விழுந்து விழுந்து காப்பியடித்தன. அவர் பார்க்கவில்லை.

1876-இல் வெர்டி டு வெர்னுவா என்பவர், இத்தனை விதியும் கணக்கும் எதுக்கு, அனுபவமுள்ள நடுவர் தன் புத்தியால் தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். விதியா நடுவரா என்ற சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. என் கட்சி நடுவர் பக்கம். ஆனால் பகடையைத் தூக்கிப் போடாதீங்க. நடுவருக்கும் பிடித்த மாணவன், பிடித்த விடை என்று இருக்கும். பகடைக்கு அது கிடையாது.

அப்புறம் 1969, அமெரிக்காவின் மின்னசோட்டா. டேவிட் வெஸ்லி என்பவர் 'பிரான்ஸ்டைன்' என்ற கற்பனை ஊரை வைத்து ஒரு ஆட்டம் நடத்தினார். தளபதிகளோடு மேயர், வங்கிக்காரர் என்று ஆளுக்கொரு வேஷம். ஆடினவர்கள் அவர் போட்ட திட்டத்தை விட்டு எங்கெங்கோ போய்விட்டார்கள். மனுஷன் ஆட்டம் கெட்டுப்போச்சு என்றே நினைத்தார். அவர்களோ இன்னொரு தடவை நடத்து என்று நின்றார்கள். அதில் ஆடிய டேவ் ஆர்னிசன், கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974-இல் கொண்டுவந்ததுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். முதலில் அச்சடித்தது வெறும் 1000 பிரதி.

எங்க ஊர் வில்லுப்பாட்டு அண்ணாவிக்கு இதெல்லாம் புதுசில்லை. கொடையில் சாமியாடிக்கு அருள் வரும் நேரம் பார்த்து பாட்டை முறுக்குவார். கூட்டத்தைப் பார்க்காமல் கதை நடத்த முடியாது.

கிரீக்ஸ்பீலின் இன்னொரு பிள்ளை, பேரிடர் துறையினர் நடத்தும் 'டேபிள் டாப்' பயிற்சி. மாக் டிரில்லுக்கு முன்னால் மேஜையில் உட்கார்ந்து பேசிப் பார்ப்பது. பல இடங்களில் இது ஆண்டு விழா நாடகம் மாதிரி ஆகிவிட்டது. யார் மயக்கம் போடணும், யார் தூக்கணும் என்பது வரை முதல் நாளே முடிவாகியிருக்கும். நான் போன ஒன்றில் ஒரு சிஸ்டர் எழுந்து, "கரண்ட் போனா என்ன சார் செய்ய?" என்று கேட்டார். "அது இதுல வராதும்மா" என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

2017 நவம்பர் 30, ஒக்கி. மாவட்டம் முழுக்க மரமும் மின்கம்பமும் சாய்ந்து, நாள் கணக்கில் இருட்டு. அந்த சிஸ்டர் கேட்டது எங்கிருந்து வந்தது என்று இங்க உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

அதனால் என் ஆட்டத்தில் பதில் எழுதிவைப்பதில்லை. அன்றைக்கு ஒரு பெண், நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் வாட்ச்மேனைக் குவார்ட்டர்ஸுக்கு அனுப்பி, இருக்கிறவர்களை எல்லாம் எழுப்பச் சொன்னாள். எனக்கே தோன்றாத யோசனை. ஒத்துக்கொண்டேன். பிறகு ஜெனரேட்டர் ஓடுமா என்று பகடை போட்டோம். ஒன்று விழுந்தது. மூணு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பேசாமல் எழுந்து ரூம் லைட்டை அணைத்தேன்.

வர்ற திங்கள் அடுத்த ஆட்டம். சிஸ்டர்களையும் வாட்ச்மேன் அண்ணாச்சியையும் கூப்பிட்டிருக்கிறேன்.