காலணி ஊரின் கடைவீதி

இங்கிலாந்தின் தென்மேற்கே, சாமர்செட் மாவட்டத்தில், கிளாஸ்டன்பரிக்கு அண்மையிலுள்ள ஸ்ட்ரீட் என்னும் கிராமத்தில், 1825-ஆம் ஆண்டில் ஆட்டுத்தோல் விரிப்பு வியாபாரம் செய்துவந்த சைரஸ் கிளார்க்கும், விரிப்புக்கு வெட்டியபின் எஞ்சிய துண்டுகளை வீணாக்க மனமின்றி மெல்லிய வீட்டுச் செருப்புகளாகத் தைத்த அவர் தம்பி ஜேம்ஸும் ஊன்றிய வித்தே, கிளார்க்ஸ் என்னும் பெரும் பாதரட்சைத் தொழிலாகிய விருக்ஷமாயிற்று. குவேக்கர் சமயப் பிரிவினராகிய அக்குடும்பத்தார், லாபத்தோடு திருப்தியடையாமல், தொழிலாளர் வசிக்க வீடுகளும், காலணி செய்வோரின் காவல் புனிதரான கிறிஸ்பின் பெயரால் 1885-இல் ஒரு மண்டபமும் எழுப்பினார்கள் என்பதை, அவர்கள் விற்ற எந்தச் சரக்கையும்விட மேலானதாக நான் மதிக்கிறேன்.

அயல்நாட்டுக் காலணிகள் மலிவாக வந்து குவிந்த காலத்தில் கிளார்க்ஸ் ஆலையின் ஓசை படிப்படியாக அடங்கியது. 1993-இல், பழைய ஆலைக் கட்டடங்கள் சிலவற்றையும் புதிய கடைகளையும் இணைத்து, கூரையற்ற நடைபாதைகளின் இருமருங்கும் கிளார்க்ஸ் வில்லேஜ் என்னும் தள்ளுபடி அங்காடி திறக்கப்பட்டது. பிரிட்டனில் இவ்வகை அங்காடிகளுள் மிக முற்பட்டவற்றுள் ஒன்று அது. சென்ற பருவத்து ஆடைகள், தேங்கிய காலணிகள், சமையற் பாத்திரங்கள் ஆகியவற்றை உற்பத்தியாளரே தள்ளுபடி விலையில் விற்பதே இதன் தர்மம். ஆலை வாசலில் எஞ்சிய சரக்கைத் தொழிலாளருக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்த பழைய வழக்கம் இங்கே வீதியாக விரிந்திருக்கிறது.

தையல் ஓய்ந்தாலும், கிளார்க்ஸின் தலைமை அலுவலகம் இன்றும் ஸ்ட்ரீட்டிலேயே இருக்கிறது.