சென்னை நகரில் கணக்காசிரியர்: 1789 முதல் 1856 வரை

பள்ளிக்குக் கணக்காசிரியரைத் தேடிப் பெறுவது ஒன்று. பெற்றவரை அப்பணியில் நிலைக்கச் செய்வது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் விளைந்த இடர்ப்பாடுகளைச் சென்னை நகரின் கல்வி வரலாற்றில் தெளிவாகக் காணலாம். 1789-க்கும் 1856-க்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கு நால்வகை முயற்சிகள் நிகழ்ந்தன. அவற்றை முறையே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முயற்சிகளுக்கு முன்னரே தமிழகத்தில் கணக்குக் கற்பிக்கும் மரபு வேரூன்றியிருந்தது. திண்ணைப் பள்ளியில் மாணவன் மணலில் எழுதிப் பழகினான். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று ஆகியவற்றை மனப்பாடம் செய்தான். முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) முதலிய கீழ்வாயெண்கள் அவன் நாவில் நின்றன. ஆசிரியர்க்கு அரசு ஊதியம் இல்லை. மாணவர் தரும் சிறு கட்டணமும், தானியமும், விழாக்காலக் கொடையுமே அவருடைய வருவாய். சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் இளையோர்க்குப் பாடஞ்சொல்லி ஆசிரியரின் சுமையைக் குறைத்தான்.

முதல் முயற்சி ஆண்ட்ரூ பெல் என்பாருடையது. 1789-இல் எழும்பூரில் நிறுவப்பெற்ற ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளராக அவர் அமர்ந்தார். நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விழைந்தார். துணையாசிரியர் அதற்கு இசையவில்லை. எனவே எட்டு வயது மாணவன் ஒருவனையே கீழ்வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். அதுவே வளர்ந்து, 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாகச் 'சென்னை முறை' எனப் பெயர் பெற்றது. மாணவனை ஆசிரியனாக்கும் இம்முறைக்கும் நம் சட்டாம்பிள்ளை வழக்குக்கும் உள்ள ஒப்புமை ஈண்டு நோக்கத்தக்கது.

இம்முறை ஆசிரியர் தட்டுப்பாட்டை நீக்கியதா எனின், கீழ்வகுப்பளவில் நீக்கிற்று எனலாம். ஆயின் உயர்கணக்கு கற்பிக்கத்தக்கவரை அது பள்ளியில் நிறுத்தவில்லை. 1794-இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் நில அளவைப் பள்ளியைத் தொடங்கியபோது, முதலிற் சேர்ந்த எண்மர் பெல் நடத்திய இல்லத்துச் சிறுவரே. அப்பள்ளியே பின்னர் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. நாட்டின் நில அளவைக்கு அது பெரும்பயன் விளைத்தது என்பதில் ஐயமில்லை. எனினும் கணக்கில் தேர்ந்த மாணவர்க்கு வகுப்பறையைவிட நல்ல வாழ்வு தரும் பணிகள் நகரில் தோன்றிவிட்டன என்பதற்கு இதுவே முதற்சான்று.

இரண்டாம் முயற்சி ஆளுநர் தாமஸ் மன்றோவினுடையது. 1822-இல் அவர் மாகாணத்துப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்கச் செய்தார். 1826 மார்ச்சு 10-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. சென்னை நகரில் வீட்டிலேயே கற்பவர் ஏறத்தாழ 26,900 பேர் என்றும், இது பள்ளியிற் கற்பவரைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்டதென்றும் காணப்பட்டது. இவ்வெண்ணில் பிழை இருக்கக்கூடுமென மன்றோவே கருதினார்.

எண்ணிக்கையைவிட இன்றியமையாதது அவர் கண்ட காரணம். ஆசிரியர் பெறும் வருவாய் திங்களுக்கு ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேற்படவில்லை. தகுதியுடையார் இத்தொழிலுக்கு வர அது போதாது என்பது அவர் முடிவு. ஆதலின் மாவட்டப் பள்ளிகள் 40-க்கும் ஆசிரியர்க்குத் திங்கள் 15 ரூபாயும், வட்டப் பள்ளிகள் 300-க்கும் 9 ரூபாயும் அளிக்குமாறு பரிந்துரைத்தார். சென்னையில் ஆசிரியர் பயிற்சிக்கும் வழி வகுத்தார். மொத்தச் செலவு ஆண்டுக்கு 48,000 ரூபாய். மன்றோ 1827-இல் மறைந்தார். அப்பள்ளிகள் வேரூன்றுமுன்னரே, 1836-இல் கைவிடப்பட்டன. திட்டம் தவறானதன்று, அதனைப் பேணுவார் இலராயினர் என்பதே பொருந்தும்.

மூன்றாம் முயற்சி வெளிநாட்டிலிருந்து ஒருவரை வருவித்தது. 1841-இல் தொடங்கிய சென்னை உயர்நிலைப் பள்ளிக்குக் கேம்பிரிட்சில் கணிதம் பயின்று உயர்தகுதி பெற்ற பவல் என்பார் தலைமையாசிரியரானார். அப்பள்ளி 1855-இல் மாநிலக் கல்லூரியாயிற்று. பவலிடம் பயின்றோருள் தலைசிறந்தவர் தஞ்சை மாதவராவ். கணிதத்திலும் வானநூலிலும் வல்ல அவர், கணக்குத்துறை அலுவலகத்திற் பணிபுரிந்து, 1849-இல் திருவிதாங்கூர் இளவரசர்க்கு ஆசிரியராகி, பின்னர் அந்நாட்டின் திவானானார். ஒரு பேராசிரியர் பல அறிஞரை உருவாக்கக்கூடும். அவ்வறிஞர் மீண்டும் ஊர்ப்பள்ளிக்கே வருவர் என்பதற்கு உறுதியில்லை. நில அளவைப் பள்ளியிற் கண்ட நிலையே ஈண்டும் வேறு வடிவிற் காணப்படுகின்றது.

நான்காம் முயற்சி, ஆசிரியப் பயிற்சியைத் தனி நிறுவனத்தின்பால் ஒப்படைத்தது. 1854-ஆம் ஆண்டுக் கல்வி ஆணைமடல் ஆசிரியர் பயிற்சியை வற்புறுத்தியது. அதன் வழி 1856-இல் சென்னையில் எழுந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளியே பிற்காலத்துச் சைதாப்பேட்டைக் கல்லூரி. தனியொருவரின் ஆர்வத்தைச் சாராது தொடர்ந்து நிலைத்த ஏற்பாடு இந்நான்கினுள் இஃதொன்றேயாம்.

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. பெல்லின் முறை கைகளைத் தந்தது, ஊதியத்தைத் தரவில்லை. மன்றோவின் திட்டம் ஊதியத்தைத் தந்தது; காலத்தைப் பெறவில்லை. பவலின் பள்ளி அறிவைத் தந்தது. அறிவுடையாரைப் பள்ளியில் இருத்தவில்லை. பயிற்சி, ஊதியம், தொடர்ந்த ஆதரவு ஆகிய மூன்றும் ஒருங்கு அமையாதவிடத்து நகரத்துக் கணக்காசிரியர் வேறு அலுவலகத்தை நாடுதல் இயல்பேயாகும்.

இவற்றிடையே தமிழுக்கு நேர்ந்த இழப்பொன்றும் உண்டு. புதிய பள்ளி திண்ணை ஆசிரியரைத் தன்னுள் ஏற்றுக்கொண்டு வளர்க்கவில்லை. அவர் மறைந்தபோது கீழ்வாயெண்களும் குழிமாற்றும் அவரோடு மங்கின. 1957-இல் பதின்ம நாணயம் வந்தபின் வழக்கில் அவற்றுக்கு இடமே இல்லாதாயிற்று. இன்று எண்சுவடியை ஏட்டில் படிக்கும் நாம், அஃது ஒரு நூலாக மட்டும் இருந்ததில்லை, ஓர் ஆசிரியரின் குரலாக வாழ்ந்தது என்பதை மறத்தலாகாது. சுவடியைப் பாதுகாத்தல் எளிது. அதனைக் கற்பிப்பாரைப் பாதுகாத்தலே அரிது.